எஸ்றா 3:12 – முதியவர்கள் அழுதது ஆனந்தக் கண்ணீரா?

கேள்விக்காரன்:
பக்கத்துத் திரியில் ஒலிவமரம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் எருசலேமில் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது முதியவர்கள் அழுதது ஆனந்தக் கண்ணீராம். ஆகவே மீட்கப்பட்டு சீயோனுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஏசாயா 51:11 சொல்லும் நித்திய மகிழ்ச்சி அன்றைக்கே நிறைவேறிவிட்டதாம்! எஸ்றாவைத் திறந்து பாருங்கள். முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த ஆசாரியரும் லேவியரும் சத்தமிட்டு அழுகிறார்கள். ஆர்ப்பரித்தவர்கள் வேறு ஆட்கள். இரண்டு சத்தமும் கலந்து, எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்றே தெரியவில்லை என்கிறது அடுத்த வசனம். எல்லாம் ஆனந்தம் என்றால் பிரித்துச் சொல்வானேன்?

ஒலிவமரம்:
சுமார் ஐம்பது வருஷம் கழித்து அந்த இடத்தில் மறுபடி கல் வைப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் கண் கலங்காது? முதல் ஆலயம் கி.மு. 586-இல் எரிந்தது. 539-இல் பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசு கைக்கு வந்தது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஆலயத்திலிருந்து அள்ளிப்போன பொன், வெள்ளிப் பாத்திரங்களைக்கூட அவன் திருப்பி அனுப்பினான், 5400 என்று எஸ்றா 1:11 கணக்கே தருகிறது. பாழான எருசலேமில் மறுபடி கேட்கும் என்று எரேமியா 33:11 சொன்ன அதே துதியைத்தான் எஸ்றா 3:11-இல் பாடுகிறார்கள். இதைவிட என்ன நிறைவேற வேண்டும்?

கேள்விக்காரன்:
பாட்டு சரி. அழுகைக்குப் பதில் எங்கே? கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி கேட்கிறார்: முந்தின மகிமையைக் கண்டவர்கள் உங்களில் யார் மீதி? இது உங்கள் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இல்லையா? (2:3). ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களிடம் இப்படியா கேட்பார்கள்? அஸ்திபாரம் போட்டு வருஷக்கணக்கில் வேலை நின்று கிடந்தது. நிறைய விதைத்தும் கொஞ்சமே அறுத்தார்கள். வாங்கிய கூலி பொத்தல் பையில் போட்டதுபோல் ஆனது என்கிறார் (1:6). அதுவா நித்திய மகிழ்ச்சி?

சீயோன்மகள்:
சகரியா 8-ஐ ஏன் இரண்டு பேருமே தொடவில்லை? எருசலேம் வீதிகளில் கிழவர்களும் கிழவிகளும் கையில் கோலோடு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். நான்காம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாத உபவாசங்கள் பண்டிகையாக மாறும். எனக்கு மீட்பு என்றால் அந்த வீதிதான்.

கேள்விக்காரன்:
அழகான அதிகாரம், மறுக்கவில்லை. ஆனால் அது வாக்குறுதி. நான் கேட்பது நடந்ததைப் பற்றி. எஸ்றா 3:12.

பழைய ஏடு:
ஏசாயா 40 முதல் 55 வரையான அதிகாரங்களே ஏசாயா தீர்க்கதரிசியின் காலத்தில் அல்ல, சிறையிருப்புக் காலத்தில் எழுதப்பட்டவை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. திரும்பப் போகும் ஜனத்துக்குத் தெம்பூட்டிய பாட்டு அது.

ஒலிவமரம்:
வந்துவிட்டார் ஏசாயாவை இரண்டாக வெட்ட! கோரேசு பிறக்கும் முன்பே அவன் பெயரை ஏசாயா வழியாகச் சொல்ல தேவனால் முடியாதா?

பழைய ஏடு:
தேவனால் முடியுமா என்று நான் எங்கே கேட்டேன்? சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் பழக்கம். தானியேல் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

ஒலிவமரம்:
தானியேல் திரியில் பதில் சொல்ல முடியாமல் பாதியில் போனது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்புறம், கேள்விக்காரருக்கு: கி.மு. 515-இல் ஆலயம் முடிந்தபோது மகிழ்ச்சியோடு பிரதிஷ்டை செய்தார்கள், எஸ்றா 6:16. போதுமா?

கேள்விக்காரன்:
போதாது. அது ஆறாம் அதிகாரம், நான் கேட்டது மூன்றாம் அதிகாரம். பிரதிஷ்டைக்கு அப்புறமும், எங்கள் பிதாக்களுக்குக் கொடுத்த தேசத்திலேயே நாங்கள் அடிமைகள் என்று நெகேமியா 9:36-இல் புலம்புகிறார்கள். இருந்ததை இழந்து, வந்தது சிறியது என்று கண்டு அழுத மனிதர்களின் துக்கத்தை, உங்கள் பிரசங்கத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஆனந்தமாக்காதீர்கள். அவர்களுடைய அழுகையையும் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் நான் அந்தப் புத்தகத்தை நம்புகிறேன்.

சீயோன்மகள்:
சங்கீதம் 126-இல் கண்ணீரோடு விதைக்கிறவர்கள்...

ஒலிவமரம்:
கெம்பீரத்தோடு அறுப்பார்கள்! அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனந்தக் கண்ணீர்தான்.

கேள்விக்காரன்:
அங்கே விதைக்கும்போது கண்ணீர், அறுக்கும்போதுதான் கெம்பீரம். உங்கள் வசனமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஆகாய் 2:3-க்கு இன்னும் பதில் வரவில்லை.