குயீன் பாட்டு வரும் படங்கள்: வேலூர் திரையிடலுக்கு முதல் கிளிப் எது?

காட்பாடி_கேசட்
வேலூரில் ஒரு கல்லூரி அரங்கில் மாணவர்களுக்காக ஒன்றரை மணி நேரத் திரையிடல் வைக்கிறார்கள். குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகளைப் பெரிய படங்கள் எப்படிக் கையாண்டன என்பதுதான் தலைப்பு. கிளிப் போட்டு, நடுநடுவே பேச்சு. எந்த கிளிப்பில் ஆரம்பிக்கலாம்?

என் ஓட்டு ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’, 1992. கேசட்டைச் செருகியதும் காரில் ‘பொஹீமியன் ராப்சடி’ ஓடும் காட்சி. தயாரிப்பு நிறுவனம் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் பாட்டு கேட்டது. நாயகனாக நடித்த மைக் மையர்ஸ் இந்தப் பாட்டு இல்லையென்றால் படமே வேண்டாம் என்று நின்றார். அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 1976இல் 9ஆம் இடம் வரைதான் போன பாட்டு, படம் வந்தபின் 2ஆம் இடத்துக்கு ஏறியது. ஒரு சினிமாக் காட்சி ஒரு பாட்டுக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

ஆற்காட்டு_பேஸ்
கேசட் அண்ணே, பாட்டு எத்தனையாவது இடம் பிடித்தது என்பதை வைத்துக் காட்சியை எடை போடக் கூடாது. குயீன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி இறந்தது 1991 நவம்பர் 24. பிரிட்டனில் அந்த டிசம்பரிலேயே பாட்டை மறுபடி வெளியிட்டு முதலிடம் பிடித்துவிட்டார்கள். அப்போது படம் வரவே இல்லை. அமெரிக்காவிலும் அந்த இழப்பின் தாக்கம் கலந்துதான் இருந்திருக்கும்.

அதோடு அந்தப் படம் பாட்டைப் பாதியில் பிடிக்கிறது. மொத்தம் 5 நிமிடம் 55 விநாடி. பியானோ, கதை சொல்லும் பகுதி, கிட்டார் தனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பல குரல்களை அடுக்கிப் பாடும் ஆபரா பகுதியில் தொடங்குகிறார்கள். முதல் மூன்று நிமிடம் போச்சு. பாட்டை முழுசாகக் கேட்காத பசங்களுக்கு அதைப் போட்டால், இது தலையாட்டுகிற பாட்டு என்றே பதியும்.

என் ஓட்டு ‘எ நைட்ஸ் டேல்’, 2001. ஈட்டிப் போட்டி மைதானத்தில் ‘வீ வில் ராக் யூ’. பின்னணியில் ஓடவேண்டிய பாட்டைக் கதைக்குள் இருக்கும் கூட்டமே தட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டு ஜனங்கள் 1977ஆம் வருஷப் பாட்டுக்குத் தாளம் போடுகிறார்கள், பார்க்கிறவனுக்கு உறுத்தவில்லை. காரணம் அந்தப் பாட்டே கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில் பிங்லி ஹாலில் கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் தாங்களாகவே சேர்ந்து பாடினார்கள். நெருக்கி நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துத்தான் குயீன் கிட்டாரிஸ்ட் பிரையன் மே கால், கை இரண்டையும் வைத்து அதை எழுதினார். இயக்குநர் பிரையன் ஹெல்கெலாண்ட் அதைப் புரிந்து பயன்படுத்தியிருக்கிறார்.

காட்பாடி_கேசட்
பாதியில் தொடங்கியதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் அந்தக் காட்சியின் பலம். ஆபரா பகுதி ரெக்கார்டில் சுமார் 3:05இல் தொடங்கி 4:07 வரை. அதன்பின் ராக் பகுதி 47 விநாடிதான். ஒரு நிமிடம் குரல்களாலேயே அழுத்தம் ஏற்றி, கிட்டார் வந்ததும் மொத்தமாக அவிழ்ப்பது பாட்டின் கட்டுமானம். படமும் அப்படித்தான் போகிறது. ஆபரா ஓடும்போது காருக்குள் இருப்பவர்கள் மாறிமாறிப் பாடுகிறார்கள், உடம்பு அவ்வளவாக அசைவதில்லை. 4:07 வந்ததும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் ஆடுகிறது. பிறகு மெதுவான முடிவுக்குக் காட்சியும் அடங்குகிறது. பாட்டின் மூன்று பகுதிக்கும் மூன்று விதமான நடிப்பு.

அந்த ஆபராவில் மே கீழ்க்குரல், மெர்க்குரி நடுக்குரல், டிரம்மர் ராஜர் டெய்லர் உச்சக்குரல். 24 டிராக் டேப்பில் அடுக்கி அடுக்கி ஏறக்குறைய 180 பதிவுகள். டேப் தேய்ந்து வெளிச்சம் தெரியும் அளவுக்குப் போய்விட்டது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் கூட்டமாக மாறிய பாட்டை நண்பர்கள் கூட்டம் பாடுவதுதானே பொருத்தம்?

குடியாத்தம்_ரீல்
ரெண்டு பேரும் இன்னா சொல்றீங்கன்னு புரியுது. ஆனா நம்ம ஊர்ப் பசங்க உட்கார்ந்து பார்க்கப்போறாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச எடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். ‘96’ படத்துல ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை ராம் கேட்டுக்கினே இருக்கான், ஜானு பாடாமலே இருக்கா. கடைசியா கரண்ட் போன நேரத்துல பாடறா. 1991 ‘தளபதி’ பாட்டு, 2018ல அப்படி விழுது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ல ‘குணா’ பாட்டு வர்ற எடமும் அதே மாதிரி. பழைய பாட்டைப் புதுப்படம் எங்க வைக்குது, எவ்ளோ நேரம் தள்ளி வைக்குது, அதான் விஷயம். இதை ரெண்டு நிமிஷம் பேசிட்டு குயீனுக்குப் போனா யாருக்கும் வெளிநாட்டுச் சமாச்சாரம்னு தோணாது.

இன்னொண்ணு. 2018ல அந்தப் பாட்டு பேர்லயே வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ங்கிற மெர்க்குரி வாழ்க்கை வரலாற்றுப் படத்தை முதல்ல போட்டுடாதீங்க.

வாலாஜா_வினைல்
ஏன் போடக் கூடாது? இன்று கல்லூரியில் இருப்பவர்களில் பலருக்கு குயீன் அறிமுகமானதே அந்தப் படத்தால்தான். அதிலேயே உங்கள் தலைப்புக்கு நேரான காட்சி இருக்கிறது. ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டைத் தனி வெளியீடாகப் போட மறுக்கும் அதிகாரியாக மைக் மையர்ஸ் வருகிறார். காரில் போகும் பசங்க தலையாட்டுகிற பாட்டா இது என்கிற மாதிரி ஒரு வசனமும் பேசுகிறார். 1992 காட்சியை அவரே நினைவுபடுத்துகிறார். 1985இல் நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் கச்சேரிப் பகுதியும் உழைத்து எடுத்தது. சிறந்த நடிகர், படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை என்று நான்கு ஆஸ்கர்.

குடியாத்தம்_ரீல்
அந்த அதிகாரி ரே ஃபாஸ்டர் கற்பனைப் பாத்திரம். பசங்க நெஜம்னு நம்பிடுவாங்க. 1977 பாட்டான ‘வீ வில் ராக் யூ’ உருவாகிறதை மீசை வச்ச மெர்க்குரியோட 1980ல காட்டறாங்க. லைவ் எய்டுக்கு முன்னாடி குழு பிரிஞ்சு கெடந்த மாதிரி காட்டறாங்க, ஆனா அவங்க 1985 மே வரைக்கும் சேர்ந்து சுற்றுப்பயணத்துல இருந்தாங்க. 1985 ஜூலை 13 அன்னிக்கு ஆறு பாட்டு வாசிச்சாங்க, தியேட்டருக்கு வந்த படத்துல ரெண்டு இல்ல.

இதெல்லாம் சினிமாவுக்காகன்னு விட்டுடலாம். விட முடியாதது ஒண்ணு இருக்கு. மெர்க்குரி தன்னோட எய்ட்ஸ் விஷயத்தை லைவ் எய்டுக்கு முன்னாடியே குழுவுக்குச் சொல்ற மாதிரி வச்சிருக்காங்க. 1987ல தான் உறுதியாச்சுன்னு அவரோட வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதியிருக்காரு. ஒரு மனுஷனோட நோயை ரெண்டு வருஷம் முன்னாடி இழுத்து கிளைமாக்ஸுக்கு விறுவிறுப்பு ஏத்தறது சரியில்ல. மருத்துவம் படிக்கிற பசங்க நெறைய இருக்கிற ஊர் இது. இதைச் சொல்லாம அந்த கிளிப்பைப் போடக் கூடாது.

வாலாஜா_வினைல்
சொல்லிவிட்டுப் போடலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேதி தப்பு என்பதால் அந்த லைவ் எய்ட் காட்சியே கூடாது என்றால் ஏற்க மாட்டேன். பஞ்சகனியில் பள்ளிப் படிப்பும் பியானோவும் கற்ற பார்சிக் குடும்பத்துப் பையன் மெர்க்குரி லண்டன் வெம்ப்லி மைதானத்தை ஆட்டுவதை நம் பசங்க பார்க்க வேண்டும். முடிந்தால் படக்காட்சியும் அசல் பதிவும் அடுத்தடுத்து ஒரு நிமிடம்.

பாகாயம்_மிக்சர்
எந்த கிளிப் முதலில் என்பதற்கு முன் ஒலியைப் பாருங்கள். அது கெட்டால் எதை முதலில் போட்டும் பயனில்லை.

லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு புளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண புளூடூத்தில் ஒலி 150இலிருந்து 250 மில்லி விநாடி வரை பிந்தும். இந்தப் பட்டியலில் யாரும் சொல்லாத ‘ஷான் ஆஃப் தி டெட்’ (2004) இருக்கிறதே, என் ஓட்டு அதற்குத்தான். பாரில் ஜூக்பாக்ஸ் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’ பாட, பில்லியர்ட்ஸ் கம்பால் அடிக்கும் ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும். சுவிட்சுகளைத் தட்ட, விளக்குகளும் அதே தாளத்தில் அணைந்து எரியும். அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 156 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் 385 மில்லி விநாடி, அதில் பாதி சுமார் 192. புளூடூத் 200 பிந்தினால் அடி எல்லாம் இரண்டு தட்டுக்கும் நட்டநடுவே விழும். இயக்குநர் எட்கர் ரைட் பார்த்துப் பார்த்துக் கோர்த்த காட்சி வெறும் அடிதடியாகிவிடும். 3.5 மி.மீ. ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்கு நேராக ஒயர் போடுங்கள். ‘ஊம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். படத்துக்குப் படம் ஒலி அளவு மாறும், எல்லா கிளிப்பையும் முன்கூட்டியே ஒரே அளவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

ஆற்காட்டு_பேஸ்
மிக்சர் சார், ‘எ நைட்ஸ் டேல்’ கிளிப் முடிந்ததும் அரங்கத்தையே ‘வீ வில் ராக் யூ’ தட்ட வைக்கலாம் என்று நினைக்கிறேன். நடக்குமா?

பாகாயம்_மிக்சர்
நடக்கும், ஆனால் மூன்று இடத்தில் சொதப்பும்.

முதலாவது தாளம். கால், கால், கை, அப்புறம் காலி. நாலு பங்கும் சமம். வேகம் நிமிடத்துக்கு 81 தட்டு அளவில், ஒரு தட்டுக்கு இரண்டு பங்கு, ஆக ஒரு பங்கு 370 மில்லி விநாடி. கூட்டம் அந்த நாலாவது காலியைப் பொறுக்காமல் சீக்கிரம் அடுத்த காலை வைத்துவிடும். அரை நிமிடத்தில் வேகம் ஏறி, பாடுகிறவர் திணறுவார். நாலாவதில் எல்லோரும் உள்ளங்கையை வெளியே விரிக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் காலி இடம் சுருங்காது.

இரண்டாவது தூரம். 35 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு சுமார் 352 மீட்டர் போகும். 30 மீட்டர் அரங்கில் மேடைச் சத்தம் கடைசி வரிசைக்குப் போக 85 மில்லி விநாடி. அவர்கள் கேட்டுத் தட்டி, அது மேடைக்குத் திரும்ப இன்னொரு 85. திருவிழா ஊர்வலத்தில் முன்னால் அடிக்கும் பம்பையும் வால்பக்கத்துக் கைதட்டலும் ஒட்டாமல் போவது இதனால்தான். காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். மேடையில் ஒருவர் கையை உயர்த்தி வீச, எல்லோரும் அவரைப் பார்த்துத் தட்டட்டும்.

மூன்றாவது தரை. சிமெண்ட் தரையில் மிதித்தால் ‘தப்’ என்ற சத்தம்தான் வரும், அடிக்கனம் வராது. ரெக்கார்டில் டிரம்ஸே கிடையாது. லண்டனில் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் கிடந்த பழைய மரப்பலகைகள் மேல் திரும்பத் திரும்ப மிதித்துப் பதிந்தார்கள். 18 மி.மீ. பிளைவுட், எட்டடிக்கு நாலடி, இரண்டு பலகை. கீழே 2 இஞ்ச் ரீப்பர் அடித்து இடைவெளி விடுங்கள். பலகைக்கு நாலைந்து பேர், கெட்டிக் குதிகால் செருப்போடு. ஒரு டைனமிக் மைக் ஓரடி தள்ளி. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பலகை வேண்டாம், உள்ளே காற்று அதிர்ந்து ஊளை எடுக்கும்.

ஆற்காட்டு_பேஸ்
பத்துப் பேர் மிதித்தால் பத்துப் பேர் மாதிரிதானே கேட்கும்?

பாகாயம்_மிக்சர்
அங்கேதான் பிரையன் மே இயற்பியல் படித்தவர் என்பது தெரிகிறது. எதிரொலிக் கருவி போடாமல், ஒவ்வொரு தட்டலுக்கும் பல பிந்திய நகல்களை வைத்தார். பிந்தும் அளவுகளைப் பகா எண் விகிதத்தில் எடுத்தார். உங்கள் லேப்டாப்பில் 23, 37, 53, 71 மில்லி விநாடி என்று நாலு நகல் வைத்து, இடம் வலமாகப் பிரியுங்கள். இவை நான் சொல்லும் அளவுகள், அவருடையவை அல்ல. நகலையே திரும்ப நகலெடுக்கும் ஃபீட்பேக் பூஜ்யத்தில் இருக்கட்டும். 20, 40, 60, 80 என்று வைத்தால் எல்லாம் ஒன்றின் மடங்காகி, குழாய்க்குள் மிதிப்பது போல ஒரு சுருதி கேட்கும். பகா எண்ணில் அந்தச் சுருதி கூடி வராது, விரிந்து நிற்கிற கூட்டமாகக் கேட்கும்.

காட்பாடி_கேசட்
இவ்வளவும் செய்வதாக இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். கூட்டம் எழுந்து மிதித்தபின் திரும்ப உட்கார வைத்து ஆபராவைக் கேட்க வைக்க முடியாது. முதலில் என் கார், நடுவில் லைவ் எய்ட், கடைசியில் ஈட்டிப் போட்டி.

ஆற்காட்டு_பேஸ்
கடைசியில் வைப்பதற்குச் சம்மதம். ஆனால் காருக்கு முன்னால் ‘பொஹீமியன் ராப்சடி’யின் அந்த முதல் மூன்று நிமிடம், படம் இல்லாமல், விளக்கணைத்து ஒலி மட்டும். அதற்குச் சம்மதித்தால்தான் என் ஓட்டு.

குடியாத்தம்_ரீல்
மூணு நிமிஷம் இருட்டுல பசங்க செல்லை எடுத்துடுவாங்க.

ஆற்காட்டு_பேஸ்
எடுக்க மாட்டார்கள். பியானோ இல்லாமல் வெறும் குரல்களில் தொடங்கும் பாட்டு அது. சத்தம் சரியாக இருந்தால் அந்த முதல் வரியே பிடித்து நிறுத்திவிடும்.

பாகாயம்_மிக்சர்
ஃபேனை அந்த மூன்று நிமிடம் மட்டும் நிறுத்துங்கள். அந்த முதல் குரல்கள் மெல்லியவை, பழைய சீலிங் ஃபேன் ஓடினால் பின்வரிசைக்குப் போய்ச் சேராது.