நெய்பரிங் குரூப் எஃபெக்ட்டுக்கு 'துணைத்தொகுதி விளைவு' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மூலக்கூறுல ஒரு தொகுதி (சேந்து வினைபடற சில அணுக்கள்) வினைபடற வேகத்தைப் பக்கத்துத் தொகுதி மாத்தறதைத்தான் நெய்பரிங் குரூப் எஃபெக்ட்ங்கறாங்க. நம்ம அகராதில அதுக்குத் தமிழ்ல என்ன போடலாம்னு பேசினப்ப ஒருத்தர் 'துணைத்தொகுதி விளைவு'ன்னார், இன்னொருத்தர் 'அடுத்த தொகுதி'ன்னார். நேத்து மடல்ல வந்த 'துணைத்தொகுதி விளைவு' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பலபடிக்கு (பாலிமர், சின்ன அலகுகள் கோத்த நீளச் சங்கிலி) அது ஒத்து வராதுங்க, ஏன்னா பக்கத்துல இருக்கற தொகுதி எப்பவும் துணை செய்யறதில்ல.

பாலிஅக்ரிலமைடை எடுத்துக்கங்க, தண்ணி சுத்திகரிப்புல கலங்கலைப் படிய வைக்கப் போடறாங்களே, அதேதான். காஸ்டிக் சோடால நீராற்பகுத்தா (தண்ணியைச் சேத்து உடைச்சா) சங்கிலியில இருக்கற அமைடு தொகுதி ஒவ்வொண்ணா கார்பாக்சிலேட்டா மாறும், அம்மோனியா வெளிய வரும், முதல்ல நல்லா வேகமாத்தான் போகும். ஆனா கார்பாக்சிலேட்டும் எதிர்மின்சுமை, தாக்க வர்ற ஹைட்ராக்சைடும் எதிர்மின்சுமை, அதனால சங்கிலியில கார்பாக்சிலேட் சேரச் சேர ஹைட்ராக்சைடு கிட்டவே வர முடியாம வேகம் குறைஞ்சுட்டே போகும், ரெண்டு பக்கமும் கார்பாக்சிலேட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட அமைடு கிட்டத்தட்ட அப்படியே நின்னுடும். இதைப் போய் துணைன்னு எப்படிச் சொல்றது?

பாலிவினைல் அசிட்டேட்டுல நேர் தலைகீழ். வினைல் ஆல்கஹால் நிலையா நிக்காம அசிட்டால்டிஹைடா மாறிடும்ங்கறதால, அசிட்டேட்டைப் பலபடியாக்கி அப்புறம் காரம் போட்டு அசிட்டேட்டை உதிர்த்துத்தான் பாலிவினைல் ஆல்கஹால் எடுக்கறாங்க (தறிப் பாவுக்குக் கஞ்சியா போடறதும் இதுதான்). அங்க புதுசா உருவான ஹைட்ராக்சில் பக்கத்து அசிட்டேட் உதிர்றதை வேகப்படுத்துது, அதனால பாதியில நிறுத்தினா மிச்ச அசிட்டேட் சங்கிலி முழுக்கச் சிதறாம கொத்துக் கொத்தா நிக்கும். ஒரே ஒரு தொகுதி இருக்கற சின்ன மூலக்கூறுகள்ல இப்படி இல்ல, ஒரு மூலக்கூறு வினைபட்டது இன்னொரு மூலக்கூறை அவ்வளவாத் தொடாது.

'அடுத்த தொகுதி'ன்னு சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. பாலிமீத்தைல் மெத்தக்ரிலேட்டுங்கற பலபடியில எஸ்டர் தொகுதி எல்லாம் சங்கிலிக்கு ஒரே பக்கம் நிக்கற ஐசோடாக்டிக் வகை, மாறி மாறி நிக்கற சிண்டியோடாக்டிக்கை விட வேகமா நீராற்பகுபடுது. ரெண்டுலயும் அடுத்தது என்னவோ எஸ்டர்தான், எவ்வளவு நெருங்கிக் கிடக்குதுங்கறதுதான் வேற. அடுத்ததுன்னா வரிசை மட்டும்தான் தெரியுது, நெருக்கம் வரல.

அதனால என் ஓட்டு 'அண்டைத்தொகுதி விளைவு'க்கு. வேகம் கூடினா அண்டைத்தொகுதி முடுக்கம், குறைஞ்சா அண்டைத்தொகுதி தடுப்பு, ரெண்டுக்கும் இடம் இருக்கு. இலங்கைப் பாடநூல்ல தொகுதியைக் கூட்டம்னுதான் எழுதறாங்க, 'அயற்கூட்ட விளைவு'ன்னா அங்க படிக்கறவங்களுக்கு இன்னும் சுலபமாப் புரியுமா? யாழ்ப்பாண நண்பர்கள் சொல்லுங்க, ரெண்டையும் சேத்தே அகராதில ஏத்திடலாம்.