‘ஒரு பாண் குடுங்க’

கோத்தகிரியிலிருந்து

நீண்டகால சிநேகிதத்தைப் பற்றி எழுதுங்கள் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பேக்கரி வாசல். அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

நான் சிலோனில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் உண்டு. எங்கள் முறை வந்தது 1972-ல். அப்போது எனக்குப் பத்து வயது. ஊரை விட்டுக் கிளம்பிய ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் கோத்தகிரி. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968-லிருந்தே நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. பின்னால் அதுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் அங்கே வேலை கிடைத்தது. சிலோனில் லயம் என்று சொன்ன வீடு இங்கே லைன் வீடு ஆனது. மற்றபடி அதே கூரை, அதே குளிர்.

பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாம் வகுப்பில் போட்டார்கள். பெஞ்சை நான் வாங்கு என்றேன். ரயிலைக் கோச்சி என்றேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டீச்சர் கேட்டதற்கு, ‘பாண்’ என்றேன். வகுப்பே சிரித்தது. போர்த்துக்கீசியர் சிலோனில் விட்டுவிட்டுப் போன சொல் அது என்பதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இனிமேல் இந்த ஊரில் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை. அவள் படுகர் வீட்டுப் பெண். வீட்டில் படுகு பேசி வளர்ந்தவள், பள்ளிக்கு வந்துதான் தமிழ் படித்தாள். ஒன்றாம் வகுப்பில் அவளையும் இப்படித்தான் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். பேக்கரி வாசலில் நின்று, ‘அண்ணா, ஒரு பாண் குடுங்க’ என்றாள். கடைக்காரர் முழித்தார். கண்ணாடிக்குள் இருந்த ரொட்டியைக் காட்டி, ‘இதுதான் பாண்’ என்றாள், அவர்தான் இத்தனை நாளும் தப்பான பேரைச் சொல்லி விற்றுக்கொண்டிருப்பது போல.

அவளுக்கும் எனக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. நான் எப்போதோ ‘பிரெட்’டுக்கு மாறிவிட்டேன். அவள் மட்டும் இன்றைக்கும் கடையில் பாண் என்றுதான் கேட்கிறாள். அந்தத் தெருவில் நாலைந்து கடைக்காரர்களுக்கு அது பழகியும் விட்டது.

எல்லாமே இப்படி இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுடைய பாட்டி ஆரம்பத்தில் என்னைத் திண்ணையோடு நிறுத்தினார். ராகிக் களியும் அவரைக் குழம்பும் திண்ணைக்கே வரும். அவள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாம் வருஷம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அந்தப் பாட்டியே வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக வாசலுக்கு வந்து, ‘உள்ள வந்து சாப்பிடு புள்ள’ என்று கூப்பிட்டார். பாட்டியிடம் என்ன பேசினாய் என்று அவளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒன்றும் பேசவில்லை என்றுதான் சொல்வாள்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். அவள் பத்தாவது வரை படித்தாள். பக்கத்து ஹட்டியிலேயே, அதாவது பக்கத்துப் படுகர் ஊரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. சனிக்கிழமையானால் எங்கள் லைனுக்கு வந்துவிடுவாள். அம்மாவிடம் தேங்காய் ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டாள், கட்டச் சம்பல் இடிக்கக் கற்றுக்கொண்டாள். நான் பறித்துக் களைத்து வந்து படுத்திருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மா தோட்டத்துக் கதை, ஆற்றுக் கதை, கங்காணி கதை எல்லாம் அவளிடம் சொன்னது அப்போதுதான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். 1998-ல் நல்ல விலைக்குப் போன பச்சைத் தேயிலை இரண்டே வருஷத்தில் விழுந்துவிட்டது. அந்த நாட்களில் நீலகிரியில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்குப் பறிகூலி கொடுக்கக்கூடக் கட்டவில்லை. அவள் என்னிடம் பத்தாயிரம் ரூபாய் கேட்டாள். நான் சீட்டுக் கட்டி எடுத்து, மகள் படிப்புக்கென்று வைத்திருந்த பணம். கொடுத்தேன். சொன்ன நாளில் அவளால் திருப்ப முடியவில்லை. என்னைக் கண்டால் வேறு பக்கம் போக ஆரம்பித்தாள். அது வெட்கம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, ‘தோட்டக்காரிகிட்டக் கூலிக்காரி தன் பணத்தைக் கேட்டு அலையணுமா?’ என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள். ஒன்பது வருஷம் பேச்சில்லை. பணத்துக்காக வந்த கோபம் ஆறேழு மாதத்தில் போய்விட்டது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல்தான் மீதி எட்டு வருஷமும் போனது.

2009 நவம்பர் மழை பலருக்கும் ஞாபகம் இருக்கும். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். மலை முழுக்கச் சரிவு, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் அம்மா அந்த வாரம்தான் படுத்த படுக்கையாக இருந்து கண்ணை மூடினார். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. சொந்தக்காரர்கள் யாருக்கும் சேதி சொல்ல முடியவில்லை. லைனில் இருந்தவர்கள் நாலு பேரும் நானும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் வாசலில் சேற்றோடு ஒருத்தி நின்றாள். பால்காரப் பையன் ஒருவன் ஹட்டிக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். மண் சரிந்த இடங்களில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டே இறங்கி நடந்து வந்திருக்கிறாள். முழங்கை இரண்டும் கீறல். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அம்மா தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்து, சீப்பு கேட்டாள். அம்மாவின் தலையை வாரிக் கொண்டை போட்டாள், சிலோனில் போடுகிற மாதிரிப் பின்கழுத்தில் தாழ்வாக. எனக்கு அது மறந்தே போயிருந்தது. இங்கே வந்த பிறகு அம்மா அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அடுப்படியில் உட்கார்ந்து என்றைக்கோ அவளிடம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

பணத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள், முழுசாகப் பத்தாயிரம். வாங்கிக்கொண்டேன். ‘வேண்டாம், வைத்துக்கொள்’ என்று பெருந்தன்மை காட்டத் தோன்றியது உண்மைதான். ஆனால் அவளை இன்னொரு தடவை தலைகுனிய வைக்க எனக்கு மனசில்லை. பஸ் ஸ்டாண்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ‘எந்த பஸ் ஸ்டாண்டு?’ என்றாள். எதையும் மறக்காதவள் அவள்.

என் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன்களும் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி இனி நான் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால், சிலோனையே பார்க்காத இவளிடம்தான் கேட்க வேண்டும். சம்பலும் எனக்குச் சரியாக வருவதில்லை. அம்மா கைப்பக்குவம் அவளுக்குத்தான் வருகிறது.

குன்னூரிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். என் விஷயம் அதற்கு நேர்மாறு. அதனால்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

நானும் என் நண்பனும் ஒரே தெரு. நான் அருவங்காட்டில் வேலைக்குச் சேர்ந்தேன், அவன் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். சாதாரண ரயிலில் டிரைவர் ஓரிடத்தில் பிரேக் போட்டால் போதும். இந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் தனி, அதற்கு ஆளும் தனி. இன்ஜின் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் நடுவில் பல் வைத்த தண்டவாளம், இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற சரிவு. டிரைவர் விசில் கொடுத்ததும் பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன்கள் பிரேக்கை முறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும். 1899-ல் ரயில் குன்னூருக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்று அவன் பெருமையாகச் சொல்வான். மழை, பனி, எது வந்தாலும் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டே வருவான்.

நாற்பது வருஷத்துக்கு மேல் சாயங்காலம் ஒரே டீக்கடை. எங்களுக்குள் பெரிதாகப் பேச்சே இருந்ததில்லை. என் மனைவிக்கு வியாதி முற்றிக் கோவை ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்தோரு நாளும் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வெளியே வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். அந்த இருபத்தோரு ராத்திரிக்கு நான் அவனுக்கு நன்றி சொன்னதும் கிடையாது.

மூன்று வருஷமாக அவனுக்கு மறதி நோய். முதலில் கடைச் சில்லறை மறந்தது, அப்புறம் தெரு, இப்போது பல நாளில் என் பெயரும் தெரிவதில்லை. ‘சார் யாரு?’ என்று மரியாதையாகக் கேட்கிறான். ஆறு வயதிலிருந்து என்னை வாடா போடா என்று பேசியவன். முதல் தடவை கேட்டபோது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆனாலும் தினமும் அழைத்துக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைக்கிறேன். யாரென்று தெரியாவிட்டாலும், நான் வந்து நின்றதும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறான், எப்போதும் விடுகிற அதே இடப்பக்கம். ஸ்டேஷனிலிருந்து விசில் கேட்டால் அவன் வலது கை தானாக எழுந்து காற்றில் முறுக்குகிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் கையைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்துக் குடிக்கிறான்.

அக்காவின் சிநேகிதி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இப்போது நான்தான் வைத்திருக்கிறேன்.

பூம்பாறையிலிருந்து

நான் கொடைக்கானல் மலைக்காரன். எங்கள் கதை சின்னது. எழுதியே பழக்கமில்லை, மகன் தட்டித் தருகிறான்.

எனக்கும் பக்கத்துக் காட்டுக்காரனுக்கும் சின்ன வயசிலிருந்து சிநேகம். இரண்டு பேரும் மலைப்பூண்டு விவசாயம். வரப்புத் தகராறில் பேச்சு நின்றது. ஓரடி வரப்புதான். 2006-ல் குறிஞ்சி பூத்தபோது ஒரே ஜீப்பில் போய்ப் பார்த்தோம். 2018-ல் பூத்தபோது தனித்தனியாகப் போனோம். சரிவு முழுக்க நீலமாக இருந்தது, எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு முன்னாலும் வடம் உண்டு, பின்னாலும் வடம் உண்டு. மலை ஊராச்சே, இறக்கத்தில் தேர் ஓடிவிடாமல் பின்னால் இருக்கிறவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வருஷம் நான் முன் வடத்தில், அவன் பின் வடத்தில். இறக்கத்தில் எனக்குக் கால் வழுக்கியது. தேர் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தேன். பின்னாலிருந்து அவன் குரல்தான் முதலில் கேட்டது, என் பெயரைச் சொல்லிக் கத்தி, ‘பிடிங்கடா! பிடிங்கடா!’ என்று. தேர் நின்றது. எழுந்து பார்த்தால் அவன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் நானே போய் அந்த வரப்பை வெட்டிவிட்டேன். இப்போது இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது எனக்கு எழுபத்தேழு, அவனுக்கு எழுபத்தொன்பது. ஜீப் அவன் செலவு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடியும் கோத்தகிரியிலிருந்து

குன்னூர் அண்ணன் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காற்றில் கை முறுக்குகிற இடத்தில், ‘போதும், நிறுத்து’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கு ஒரு தடவை தேங்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டாள். அண்ணன் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பூம்பாறைக்காரர் சொன்னதற்கு, ‘ஓரடிதானே!’ என்று மட்டும் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நான் எழுதியதையும் வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு இரண்டு தப்பு இருக்கிறது என்றாள். பேக்கரிக்குப் போனது அன்றைக்குச் சாயங்காலம் இல்லையாம். மறுநாளாம். முதல் நாள் அவளிடம் காசு இல்லை. வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இரண்டாவது, சிலோனிலிருந்து வந்தது ஐந்து பேர் இல்லை, ஆறு பேர் என்றாள். மண்டபம் முகாமில் காய்ச்சலில் போன என் தங்கையையும் எண்ண வேண்டும் என்றாள். ஒன்றரை வயதுக் குழந்தை. எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் எண்ணுவதை எப்போதோ விட்டிருக்கிறேன். அடுப்படியில் அம்மா அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், பெயரோடு.