மாசடைந்த குடிநீர்க் கிணற்றை மீட்க ஏன் பல பத்தாண்டுகள் ஆகின்றன?

மாலதி, பட்டர்வொர்த்:
வணக்கம். என் தாயார் 1980களில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். உலோகப் பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பான் தொட்டியில் முக்கிக் கழுவுவது அவருடைய வேலை. "அந்தக் கரைப்பானெல்லாம் கடைசியில் எங்கே போயிருக்கும்?" என்று அண்மையில் அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில், அமெரிக்காவின் வோபர்ன் நகரில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் கலந்திருந்ததால் இரண்டு நகராட்சிக் கிணறுகள் 1979இல் மூடப்பட்டதை அறிந்தேன். அங்கே தூய்மைப் பணி பல பத்தாண்டுகளாக நீள்கிறதாம். நீரை இறைத்துச் சுத்திகரித்தால் போதாதா?

செல்வம், செந்தூல்:
சகோதரி, நீரைச் சுத்திகரிப்பது கடினமன்று. உயரமான கோபுரத்தின் மேலிருந்து நீரை வழியவிட்டுக் கீழிருந்து காற்றைச் செலுத்தினால், எளிதில் ஆவியாகும் இக்கரைப்பான் காற்றோடு பிரிந்துவிடும்; எஞ்சியதைச் செயலூட்டிய கரி ஈர்த்துக்கொள்ளும். நீரில் இரும்பு மிகுதியாக இருந்தால் கோபுரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் முதலில் அதை நீக்க வேண்டும். இவ்வளவு வசதி இருக்கும்போது கிணற்றைக் கைவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

குணசேகரன், ஜார்ஜ்டவுன்:
நிலத்தடி நீர்த் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் கூறுகிறேன். செல்வம் ஐயா சொன்னது நீருக்குப் பொருந்தும். சிக்கல் மண்ணில் இருக்கிறது. இக்கரைப்பான் நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே பெட்ரோலைப் போல் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்காமல், அதைத் துளைத்துக்கொண்டு கீழிறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதன்படி கணக்கிட்டால், ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பு அளவுக்கு மாசுபடுத்திவிடும். வோபர்ன் கிணறு ஒன்றில் காணப்பட்டதோ 267 மைக்ரோகிராம். மேலும், ஆண்டுக்கணக்கில் களிமண்ணுக்குள் ஊறிச் சென்ற கரைப்பான், சுற்றியுள்ள மணற்படுகை தூய்மையானதும் மெல்ல வெளியே கசியத் தொடங்கும். இறைப்பை நிறுத்தினால் அளவு மீண்டும் ஏறுவது இதனால்தான்.

எனவே முதலில் மூலத்தைத் தேட வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணிலிருந்து கரைப்பான் ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். கீழே பெர்மாங்கனேட் என்னும் வேதிப்பொருளைச் செலுத்திச் சிதைக்கலாம். நுண்ணுயிர்களைக் கொண்டும் சிதைக்கலாம். ஆனால் அச்செயல் பாதியில் நின்றுவிட்டால், சிதைவின்போது இடையில் உருவாகும், மேலும் கொடிய வினைல் குளோரைடு தங்கிவிடும் என்பதால் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 1981ஆம் ஆண்டு, ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கசிந்த இதுபோன்ற வேறொரு கரைப்பான் குடிநீர்க் கிணற்றை எட்டியபோது, மாசுபட்ட இடத்தைச் சுற்றி நிலத்துக்குள் நீர்புகாச் சுவரே எழுப்பினார்கள். உங்கள் தாயார் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒவ்வொரு பழைய தொழிற்பேட்டையிலும் அதைக் கேட்க வேண்டும்.

செல்வம், செந்தூல்:
தெளிவுபடுத்தியதற்கு நன்றி, ஐயா. மூலத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மாலதி, பட்டர்வொர்த்:
மிக்க நன்றி. பினாங்கின் குழாய்நீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருவதால் ஓரளவு ஆறுதல் அடைகிறேன். ஆனால் கிளந்தான் மாநிலம் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியுள்ளது. என் சித்தப்பா அங்கே வீட்டுக் கிணற்று நீரைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். அது போதுமா?

குணசேகரன், ஜார்ஜ்டவுன்:
கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். கரைப்பான் இருந்தாலோ, அது ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். அதை மூச்சிழுப்பதும் தீங்கே. அருகில் பட்டறையோ பழைய குப்பைமேடோ இருந்தால் ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில் எடுக்கக்கூடாது. ஆய்வகம் தரும் சிறு கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைவாக ஒப்படைக்க வேண்டும். கவனக்குறைவாக எடுத்தால் கரைப்பான் வழியிலேயே ஆவியாகி, மாசுபட்ட நீருக்கும் நல்ல நீர் என்ற சான்று வந்துவிடும்.