மறுநடவில் ஆற்றோரம் 50 மீட்டர் விடுவதா?

பெர்ஜுந்தைப் பையன்:
மாமாவின் செம்பனைக்கு 25 வயது தாண்டிவிட்டது. பழைய மரங்களைச் சாய்க்க அடுத்த வாரம் பேக்கோ (மண்வாரி எந்திரம்) வருகிறது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இப்போது பெஸ்தாரி ஜெயா) கீழே சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய நிலம், கரை நீளம் 200 மீட்டர் இருக்கும். தண்ணீரைத் தொடும் வரை மரம்தான். கம்போங் குவாந்தானில் மின்மினி குறைகிறது என்று பல வருடமாகப் பேச்சு. இந்தத் தடவை ஆற்றோரம் 50 மீட்டர் விட்டுவிட்டு நடுங்கள் என்றேன். மாமா வாயைத் திறக்கவில்லை, அத்தைதான் திறந்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குலைவெட்டி:
கணக்குப் போட்டீர்களா தம்பி? 200-க்கு 50, ஒரு ஹெக்டர். சுமார் 136 மரம். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பூச்சிக்காகப் பேசுவது சுலபம். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் வெறுங்கையோடு வெளியே வந்த குடும்பம் எங்களுடையது. நம்மவர் கையில் நாலு ஏக்கர் இருப்பதே பெரிய விஷயம். முதலில் பெரிய தோட்டங்கள் விடட்டும்.

நீர்க்கரை:
அண்ணே, அந்த 136-உம் குலை தருகிற மரமா? ஆற்றுப் பக்கத்துக் கடைசி வரிசைகளைப் போய்ப் பாருங்கள். வேர் வெளியே தெரிய, தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். வெள்ளம் ஏறினால் போட்ட உரம் ஆற்றோடு போகும்.

அப்புறம் மின்மினி. மின்மினி வந்து கூடும் பெரெம்பாங் என்ற ஆற்றோர மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். மரத்துக்கு அது வருவது ஜோடி சேர. முட்டையும் புழுவும் கரை மண்ணில். நீப்பா என்ற ஆற்றோரப் பனைக்கடியில், ஈரச் சருகில், சின்ன நத்தையைத் தின்றுதான் புழு வளரும். மருந்தடித்துப் புல்லில்லாமல் வைத்திருக்கும் கரையில் நத்தை ஏது?

அணைக்கட்டு:
இதற்கெல்லாம் ஒரு சிறுதோட்டக்காரரைப் பிடிப்பதா? குவாலா குபு பாரு பக்கம் அணை கட்டித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். நன்னீர் குறைந்தால் கீழே உப்பு ஏறும், பெரெம்பாங் தாங்காது. 2020 செப்டம்பரில் ரவாங்கில் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குக் குழாய் நின்றதே, அது இதே ஆற்றுத் தண்ணீர்தான்.

நீர்க்கரை:
அணை விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் பேக்கோ வருவது அணைக்கு இல்லையே. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு பக்கமும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. கிராண்டை (நிலப்பட்டாவை) எடுத்து எல்லைக்கல் எங்கே என்று பாருங்கள் தம்பி.

குலைவெட்டி:
அதாவது மாமா அரசாங்க நிலத்தைப் பிடித்துவிட்டார். நன்றாக இருக்கிறது! மின்மினி பார்க்க வருகிறவர்கள் சம்பானுக்கு (சிறு படகுக்கு) காசு கொடுக்கிறார்கள். அதில் ஒரு காசு கரைக்காரனுக்கு வருகிறதா? விடுகிற ஹெக்டருக்கு வருடா வருடம் பணம் கொடுக்கட்டும், நானே முதலில் விடுகிறேன்.

அணைக்கட்டு:
இதில் குலைவெட்டி அண்ணன் சொல்வது நியாயம்.

நீர்க்கரை:
எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. மனு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பெர்ஜுந்தைப் பையன்:
கிராண்டைப் பார்த்தோம். எல்லைக்கல் கரையிலிருந்து தள்ளி இருக்கிறது, கடைசி மூன்று வரிசை எங்கள் நிலமே இல்லை. அந்த மூன்று வரிசையை விட்டுவிட மாமா சம்மதம். 50 மீட்டர் என்றால் எழுந்து போய்விடுகிறார்.

நீர்க்கரை:
மூன்று வரிசையாவது கிடைத்ததே. அங்கே மட்டும் வேரோடு பிடுங்க வேண்டாம், கரை சரியும். அடியோடு வெட்டினால் போதும்.

குலைவெட்டி:
வெட்டிய தண்டு மக்கினால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். புதுக் கன்றின் குருத்தைத் தின்றுவிடும். அதையும் சொல்லிக் கொடுங்கள்.

நீர்க்கரை:
தண்டை உள்ளே இழுத்து, மெல்லிசாகச் சீவிப் பரப்பச் சொல்லுங்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். கரையில் வேர்க்கட்டை மட்டும் இருக்கட்டும்.

பெர்ஜுந்தைப் பையன்:
சரி, அதற்குக் கூலி எவ்வளவு கூடும் என்று பேக்கோக்காரரிடம் கேட்டுவிட்டு அத்தையிடம் பேசுகிறேன்.