‘கையெழுத்து அம்மா, அதிகாரம் அய்யா’ என்று எழுதியவருக்கு

வைப்பாற்றுக்காரி:
நேற்று மகளிர் தினத்துக்கு நான் நாலு வரி எழுதினேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு, 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதி, 2022 நகர்ப்புறத் தேர்தல் முடிந்தபோது தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11-ல் பெண் மேயர், சந்தோஷமாக இருக்கிறது என்று. அதற்குக் கீழே கொங்குக் கணக்கர் வந்து, “செக்கில் கையெழுத்து அம்மா, அதிகாரம் அய்யா. பத்துக்கு ஒன்பது பஞ்சாயத்தில் இதுதான் நிலவரம். எதைக் கொண்டாட?” என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கு வந்த கைதட்டலையும் பார்த்தேன்.

நான் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவள். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தனி அலுவலர் வந்துவிட்டார். எங்கள் தலைவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த பெண். முதல் ஆறு மாதம் அவருடைய வீட்டுக்காரர் கூடவே வந்தார், உண்மைதான். ஏழாவது மாதம் இவரே, “நீங்க வெளியே வேப்ப மரத்தடியில உக்காருங்க” என்றார். அன்றைக்கு மினிட் புக்கில் கையெழுத்துப் போட வந்தவர்களில் நானும் ஒருத்தி. கணக்கர் அவர்களே, அந்தப் ‘பத்துக்கு ஒன்பது’ எங்கே எண்ணியது?

கொங்குக் கணக்கன்:
அக்கா, கோபம் வேண்டாம். பத்துக்கு ஒன்பது என்பது பேச்சுவழக்கு. எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலேயே ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று கணவர் பெயருக்குக் கீழே போட்டிருப்பார்கள். செக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்படியில் நிற்கிற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற செயலர்:
எல்லோருக்கும் வணக்கம். 31 வருடம் ஊராட்சிப் பணியில் இருந்தவன். முதலில் ஒரு திருத்தம். ‘செக்கில் கையெழுத்து அம்மா’ என்பதே தப்பு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி கிராம ஊராட்சி செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர், துணைத்தலைவர். ஒற்றைக் கையெழுத்து செக்கை பேங்க் திருப்பி அனுப்பிவிடும். இது தெரியாமல் விவாதம் செய்வது வீண்.

கொங்குக் கணக்கன்:
சார், நான் சொன்ன விஷயம் அதிகாரம். கையெழுத்து ஒரு உதாரணம்.

ஓய்வு பெற்ற செயலர்:
உதாரணம் சொன்னால் சரியான உதாரணமாகச் சொல்ல வேண்டும். இரண்டு கையெழுத்து.

குடவோலை:
நாம் யாருக்கும் ஜனநாயகப் பாடம் கேட்கத் தேவையில்லை. 919, 921-ல் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் படியுங்கள். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த இனம் நாம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே நமக்கு உள்ளாட்சி இருந்தது.

வைப்பாற்றுக்காரி:
குடத்தில் எத்தனை பெண்கள் பெயர் போட்டார்கள், அண்ணா? அதே கல்வெட்டில் தகுதியும் எழுதியிருக்கிறது. வரி கட்டுகிற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70 வயது, வேதப் படிப்பு. எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் தலைவர் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது.

குடவோலை:
இதுதான். எதைச் சொன்னாலும் குறை. அந்தக் காலத்தை இந்தக் காலத்தோடு ஒப்பிடக் கூடாது.

வைகைக்கரை:
ஒப்பிட்டதே நீங்கள்தானே!

ஓய்வு பெற்ற செயலர்:
உத்திரமேரூரில் இன்னொன்று இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய மச்சான் வரைக்கும் தடை. இப்போது மச்சானுக்குத்தான் காண்ட்ராக்ட். சரி, அது கிடக்கட்டும். செக் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வைப்பாற்றுக்காரி:
செயலர் ஐயா, நீங்கள் சொல்கிற அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் என் வாதமே இருக்கிறது. தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு. துணைத்தலைவருக்குக் கிடையாது, அவரை வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறோம். ஒதுக்கீட்டில் ஒரு பெண் தலைவராக வந்தால் ஊரில் உள்ள பெரிய கைகள் எல்லாம் துணைத்தலைவர் நாற்காலியைப் பிடிக்கப் பார்க்கும். அப்புறம் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது. மோட்டார் ரிப்பேர் பில்லுக்கு மூன்று வாரம். தண்ணீர் வராவிட்டால் திட்டு யாருக்கு? தலைவருக்கு. ‘பொம்பளைக்கு நிர்வாகம் தெரியவில்லை’ என்று பேர்.

தலைவர் பட்டியல் சாதிப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரையே தரையில் உட்கார வைத்தார்கள், படம் ஊரெல்லாம் சுற்றியது. அதே வருடம் சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகுதான், சில நாள் கழித்து அதிகாரிகள் முன்னால் அவர் கொடி ஏற்றினார்.

கொங்குக் கணக்கன்:
இப்போது என் வாதத்தைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்! அதிகாரம் அவர்களிடம் இல்லை என்கிறேன், இல்லை என்பதற்கு நீங்களே மூன்று சாட்சி கொடுக்கிறீர்கள். அப்புறம் கொண்டாட்டம் எதற்கு?

வைப்பாற்றுக்காரி:
இல்லை தம்பி. ‘அவர்களுக்கு முடியாது’ என்பது நீங்கள். ‘அவர்களை விடவில்லை’ என்பது நான். விடாமல் தடுத்தும் செய்தார்கள் என்பதைத்தான் கொண்டாடுகிறேன்.

கொங்குக் கணக்கன்:
முடியாது என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள்.

வைப்பாற்றுக்காரி:
பத்துக்கு ஒன்பது எங்கே எண்ணினீர்கள் என்று நான் கேட்டு நாலு மணி நேரம் ஆகிறது. முதலில் அது.

வைகைக்கரை:
கணக்கர் சாருக்கு ஒன்று. மதுரை வில்லாபுரம் லீலாவதியைத் தெரியுமா? 1996-ல் மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். தண்ணீர் விற்றுச் சம்பாதித்த கும்பலை எதிர்த்துத் தன் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23-ம் தேதி பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். பொம்மையை யாராவது வெட்டுவார்களா?

கொங்குக் கணக்கன்:
லீலாவதி விதிவிலக்கு. கட்சியில் வேலை செய்து வந்தவர். நான் சொல்வது சீட்டுக்காக மனைவி பெயரில் மனுப் போடுகிறவர்களை.

வைகைக்கரை:
செத்துப்போனால் விதிவிலக்கு, உயிரோடு இருந்தால் பொம்மை. நல்ல கணக்கு.

ஓய்வு பெற்ற செயலர்:
லீலாவதி மாநகராட்சி உறுப்பினர். மாமன்ற உறுப்பினர் செக்கில் கையெழுத்துப் போடுவதில்லை. மாநகராட்சிக்குச் சட்டமே வேறு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் ஊராட்சிக்கு, 74-வது திருத்தம் நகராட்சிக்கு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வைகைக்கரை:
ஐயா, ஒரு கொலையைப் பற்றிப் பேசுகிறேன். நீங்கள் திருத்த எண் சொல்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற செயலர்:
எண் சரியாக இருந்தால்தான் மீதியும் சரியாக இருக்கும். 31 வருடத்தில் ஆறு தலைவர்களைப் பார்த்தேன், அதில் மூன்று பேர் பெண்கள். மூன்று பேரும் செக்கை நீட்டினால், “இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆண் தலைவர்களில் ஒருவர் டீக்கடையில் வைத்தே மொத்தப் புத்தகத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரைப் ‘பொம்மை’ என்று யாரும் சொல்லவில்லை.

வைப்பாற்றுக்காரி:
ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

ஓய்வு பெற்ற செயலர்:
அந்தப் புத்தகமும் செல்லவில்லை. துணைத்தலைவர் கையெழுத்து இல்லை.

வடமராட்சியான்:
இடையில் வருவதற்கு மன்னிக்க வேணும். எங்கட பக்கம், இலங்கையில், 2018 உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் நாடு முழுக்க உள்ளூராட்சியில் பெண்கள் 2 வீதமளவில்தான். ஒரே தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. ஆனால் தவிசாளர், அதாவது சபைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. பெரும்பாலான பெண்கள் வட்டாரத்தில் வென்று வராமல் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள் என்பதால், ‘நீங்கள் வாக்கு வாங்கி வந்தவரா?’ என்று சபையிலேயே குத்திக் கதைப்பார்கள். உங்களுக்குத் தலைவர் பதவியிலேயே பாதி கிடைத்திருக்கு. அதன் பெறுமதி உள்ளே இருக்கிற ஆட்களுக்குத் தெரிவதில்லைப் போல.

ஓய்வு பெற்ற செயலர்:
நல்ல தகவல். பிரதேச சபையில் காசோலைக்கு எத்தனை கையெழுத்து?

வடமராட்சியான்:
ஐயோ ஐயா, நான் பள்ளிக்கூட வாத்தி.

குடவோலை:
இலங்கையில் பெண் பிரதமரே 1960-லேயே வந்தாயிற்று. சிறிமாவோ. உலகத்திலேயே முதல். அங்கே 2 சதவீதம் என்றால் நம்ப முடியவில்லை.

வடமராட்சியான்:
அதுதான் கதையே. மேலே ஒரு அம்மா இருந்தால் கீழேயும் இருப்பார்கள் என்று நினைக்கக்கூடாது.

கொங்குக் கணக்கன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். (ஒப்புக்கொள்ளவில்லை.) பெண் தலைவர் வந்ததால் ஊருக்கு என்ன மாறியது? ஒரு ஆதாரம்?

வைப்பாற்றுக்காரி:
மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டங்களில் ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இரண்டு பேரும் செய்த ஆய்வு 2004-ல் வந்தது. எந்தப் பஞ்சாயத்துக்கு ஒதுக்கீடு என்பது குலுக்கல் மாதிரி அமைவதால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். குடத்தைத் தூக்குகிறவளுக்குத்தானே தெரியும்? அந்த டுஃப்லோவுக்கு 2019-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கொங்குக் கணக்கன்:
வங்காளத்துக் கிணற்றை வைத்து எங்கள் ஊர்த் தொட்டியை அளக்காதீர்கள். எங்கள் பஞ்சாயத்தில் அம்மா தலைவராக இருந்த ஐந்து வருடமும் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை.

வைகைக்கரை:
போன வருடம் இதே இடத்தில்தானே நீங்கள் அழுதீர்கள்? குழாய் சப்ளை செய்த பில் நிற்கிறது, ‘அந்தம்மா ஒவ்வொரு குழாயாக எண்ணிப் பார்க்கிறது’ என்று? பொம்மை எண்ணுமா?

கொங்குக் கணக்கன்:
தனிப்பட்ட விஷயத்தை இழுக்க வேண்டாம். அது வேறு பில்.

வைகைக்கரை:
எத்தனை குழாய் குறைந்தது?

கொங்குக் கணக்கன்:
இப்படிப் பேசினால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஓய்வு பெற்ற செயலர்:
அந்த பில் நின்றதற்குத் தலைவர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டாரா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குடவோலை:
சென்னைக்கு 2022-ல் முதல் பெண் மேயர் வந்தார். பிரியா அவர்களுக்கு ஒரு வாழ்த்து சொல்ல யாருக்கும் மனம் இல்லை. சண்டை மட்டும்.

ஓய்வு பெற்ற செயலர்:
முதல் பெண் மேயர் தாரா செரியன், 1957. அடுத்து காமாட்சி ஜெயராமன், 1971. பிரியா மூன்றாவது. பட்டியல் சாதியிலிருந்து வந்த முதல் பெண் மேயர் என்று சொன்னால் சரி. 1688-ல் தொடங்கிய மாநகராட்சி அது.

குடவோலை:
நன்றி. இனி நான் எதுவும் எழுதவில்லை.

கொங்குக் கணக்கன்:
செயலர் சார், உங்கள் காலம் செக் காலம். இப்போது ஆன்லைன். கையெழுத்து ஒரு பென்டிரைவில் இருக்கிறது, ஓடிபி போனுக்கு வருகிறது. யார் போனுக்கு வருகிறது என்று கேளுங்கள். அய்யா போனுக்கு! இதற்கு என்ன சட்டம் சொல்லப்போகிறீர்கள்?

ஓய்வு பெற்ற செயலர்:
இரண்டு பேருக்கும் தனித்தனி.

கொங்குக் கணக்கன்:
இரண்டும் அய்யாக்கள் போன்!

வைப்பாற்றுக்காரி:
எங்கள் தலைவருக்கு வந்த ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வந்தது. பட்டன் போன். நூறு நாள் வேலைத் தளத்தில் நின்றுகொண்டு எண்ணைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார், எழுத்து சிறிசாக இருக்கிறது என்று. நான் படித்துச் சொன்னேன். அப்படியென்றால் எங்கள் ஊரில் நான்தான் அதிகாரம் செய்தேனா?

மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தொடங்கினார், பிறகுதான் அது 2,000 ஆனது. தீப்பெட்டி ஆபீசில் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். மனைவி பெயரில் மனுப் போடுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், எனக்கே நாலு பேரைத் தெரியும். ஆனால் அந்த நாலு பேரை வைத்து மற்ற அத்தனை பேரையும் ஒரு வரியில் அடித்துவிட்டு நகர்வதுதான் எனக்கு எரிகிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் பேரன் பேத்தி எடுத்த வயதில் வீரம்மாள் பாட்டி தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தாரே, அவர் யாருடைய கையெழுத்து?

கொங்குக் கணக்கன்:
நாலு பேரைத் தெரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஒன்றியத்தில் மொத்தம் எத்தனை பெண் தலைவர்கள்? சதவீதம் போட்டுப் பாருங்கள்.

வைப்பாற்றுக்காரி:
நீங்கள் பத்துக்கு ஒன்பதை எப்படிப் போட்டீர்களோ அப்படியா?

கொங்குக் கணக்கன்:
எட்டு என்று மாற்றிவிட்டேன், மேலே பாருங்கள்.

வைகைக்கரை:
ராத்திரிக்குள் ஆறுக்கு வந்துவிடுவார் போலிருக்கிறது.

கொங்குக் கணக்கன்:
நாளைக்கு எங்கள் ஒன்றியத்துப் பட்டியலோடு வருகிறேன். ஒவ்வொரு பஞ்சாயத்தாக எழுதுகிறேன். யாரும் ஓடக்கூடாது.

ஓய்வு பெற்ற செயலர்:
பட்டியலில் துணைத்தலைவர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.