மணி வடிவ வளைவின் உச்சி 7.98: நிகழ்தகவு ஒன்றைத் தாண்டுமா?

கேள்வி
வணக்கம். நான் இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவன். பட்டறையில் 10 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்த 50 எஃகுத் தண்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்ததில், சராசரி 10.00 மி.மீ. என்றும் அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 0.05 மி.மீ. என்றும் வந்தன. இவற்றைக் கொண்டு எக்செலில் இயல்நிலைப் பரவலை வரைந்தபோது மணி வடிவம் சரியாகவே அமைந்தது. ஆனால் சராசரிக்கு நேர் மேலே உயரம் 7.98 என்று காட்டுகிறது. நிகழ்தகவு ஒன்றை மீறாது என்றுதானே படித்திருக்கிறோம்? சூத்திரத்தை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பிழை எங்கே என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1
பிழை எதுவும் இல்லை. வளைவின் உயரம் நிகழ்தகவு அன்று, நிகழ்தகவு அடர்த்தி, அதாவது ஒரு மி.மீ. அகலத்துக்கு எவ்வளவு நிகழ்தகவு என்னும் வீதம். வளைவின் கீழுள்ள பரப்புதான் நிகழ்தகவு, மொத்தப் பரப்புதான் 1. உச்சியின் உயரம் 0.3989-ஐத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் தண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருப்பதால் மணி ஒடுங்கியிருக்கிறது. பரப்பு மாறக் கூடாது என்பதால் ஒடுங்கிய மணி உயர்ந்தே ஆக வேண்டும். அதே அளவுகளைச் செ.மீ.க்கு மாற்றி வரைந்தால் உச்சி 79.8 ஆகிவிடும், தண்டுகளோ அப்படியேதான் இருக்கின்றன. 9.99-க்கும் 10.01-க்கும் இடைப்பட்ட அகலம் 0.02, அதை 7.98-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.16. நீங்கள் தேடும் நிகழ்தகவு இத்தகையதே.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. 10.10 மி.மீ.க்கு மேற்பட்ட தண்டுகளின் விகிதமே எனக்குத் தேவை. அந்த இடத்தில் உயரம் 1.08 என்று வருகிறது. இதை எதனால் பெருக்குவது?

பதில் 2
அங்கே பெருக்கல் உதவாது, ஏனெனில் 10.10-க்கு வலப்புறம் வளைவு சரிந்துகொண்டே போகிறது. வளைவை வரைய எக்செலின் நார்ம்.டிஸ்ட் (NORM.DIST) சார்பைப் பயன்படுத்தி, அதன் கடைசி இடத்தில் உயரத்தைத் தரும் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுத்திருப்பீர்கள். அதை ட்ரூ (TRUE) என்று மாற்றினால் 10.10 வரையிலான பரப்பு 0.977 என்று கிடைக்கும். மீதம் 0.023, அதாவது ஆயிரத்துக்கு 23 தண்டுகள்; உங்கள் ஐம்பதில் சுமார் ஒன்று.

ஆனால் இதை நம்புவதற்கு முன் எந்த அளவில் எத்தனை தண்டுகள் என்று பட்டைகளாகக் காட்டும் நிகழ்வெண் செவ்வகப் படம் ஒன்றை வரைந்து பாருங்கள். கடைசல் இயந்திரத்தில் உளிமுனை தேயத் தேய விட்டம் சிறிது சிறிதாகக் கூடும். அவ்வாறு சராசரியே நகர்ந்துகொண்டிருந்தால், எந்த எண்களைக் கொடுத்தாலும் எக்செல் அழகான மணியைத்தான் வரைந்து தரும், தண்டுகள் அதற்குக் கட்டுப்படா. கடைந்த வரிசையில் அளவுகளைக் குறித்திருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்
குறித்திருக்கிறேன் ஐயா. முதல் பத்துத் தண்டுகளில் எட்டு 10.00-க்குக் கீழேயும், கடைசிப் பத்தில் ஒன்பது அதற்கு மேலேயும் இருக்கின்றன. உளியைத் தீட்டிவிட்டு, மீண்டும் 50 தண்டுகளை அளந்து வருகிறேன்.